ஓவர்சியர் வீட்டு டைனமோ

ஞானப்பிரகாசம் காரின் காலடி ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினார். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி அழுத்தினார். அந்தச் சத்தமும் நின்றுபோனது.

பின் சீட்டில் டிரங்குப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த மகள் லீலா மேரி, “என்னாச்சுப்பா?” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. பேட்டரி கொஞ்சம் சோர்ந்திருக்கு.”

“ரயிலுக்கு நேரமாகுதுங்க மாமா” என்றான் பக்கத்தில் இருந்த மருமகன் செல்வநாதன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

இறங்கி, முன்னால் இரும்புக் கைப்பிடியைச் சொருகித் தோள் வலிக்கச் சுற்றினார். பேட்டரி செத்த காரில் பொறி எங்கிருந்து வரும்? ஹார்னை அமுக்கிப் பார்த்தார். ஒரு முனகலோடு சரி.

ஞானப்பிரகாசம் ரிட்டையரான ஓவர்சியர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. வரதராஜன்பேட்டையில் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் குறைவு. அதைத் தானே ரிப்பேர் பார்த்துக்கொள்பவர் அவர் ஒருவர்தான். ‘என் மக என் கார்லதான் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போவா’ என்று கோயில் வாசலில் ஊருக்கே சொல்லியிருந்தார். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளைக்கு பம்பாய் துறைமுகத்தில் வேலை. ஜப்பான் சண்டையின்போது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவன். கூடக் கிளம்பிய பெற்றவர்கள் ஊர் வந்து சேரவில்லை. பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு.

அன்றைய ரயில் போய்விட்டது. லீலா பயணப் புடவையை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். புளிக்குழம்பு கொதிக்கும் வாசம் வந்தபோது ஞானப்பிரகாசத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அடுத்த நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது. மகள் வாழப் போகிற நேரத்தில் தகப்பனுக்கு வருகிற சந்தோஷமா இது? உடனே வேட்டியை மடித்துக் கட்டினார்.

பேட்டரியை மாட்டுவண்டியில் ஏற்றி ரைஸ்மில்லுக்கு அனுப்பினார். அங்கே எஞ்சின் ஓடுகிற நேரத்தில் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பார்கள். சாயங்காலம் அது வந்ததும் கார் உடனே கிளம்பிவிட்டது. ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை.

“சார்ஜ் காட்டுற முள்ளைப் பாருங்க மாப்ள. ஏற வேண்டிய அளவுக்கு ஏறல. பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற டைனமோ சோம்பேறியாயிடுச்சு.”

“ஓடுதுல்ல மாமா? அப்படியே வுட்டுடலாமே” என்றான் செல்வநாதன் அவசரமாக.

“வழியில நின்னா யாரு பதில் சொல்றது?”

டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே, கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்க இருந்த கட்-அவுட் டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த முனைகளைப் பேனாக்கத்தியால் சுரண்டிப் பளபளப்பாக்கினார். சுரண்டிய முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரவு முழுக்க பேட்டரியிலிருந்த கரண்ட் டைனமோவுக்குள் திரும்பி ஓடியது. காலையில் பேட்டரி மறுபடி செத்துக் கிடந்தது.

“லீவு முடியுதுங்களே, மாமா.”

“நாளைக்கு நிச்சயம், மாப்ள.”

டைனமோவையே கழற்றினார். உள்ளே இருந்த கரித்துண்டு கையோடு உடைந்து வந்தது. அதைப் பிடித்திருந்த ஸ்பிரிங் துள்ளிப் பக்கத்துக் கிணற்றுக்குள் விழுந்தது. டார்ச் செல்லை உடைத்து, அதிலிருந்த கரிக்குச்சியைக் கல்லில் தேய்த்துச் செருகினார். டைனமோவைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருப்பதாகத் தோன்றவே இறுக்கினார். அறுந்துவிட்டது. மாட்டுக்கு வைத்திருந்த தோல்வாரைத் தைத்து மாட்டினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கசாமி சிரித்தார்.

“ஓவர்சியரே, பொண்ண அனுப்ப மனசில்லன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க. வாயில்லாத காரைப் போட்டு ஏன் கொல்றீங்க?”

சுருக்கென்றது. அந்த வார்த்தை பொய்யாக இருந்திருந்தால் அத்தனை வலித்திருக்காது.

மறுபடி ரைஸ்மில்லுக்குப் போன பேட்டரி திரும்பி வந்தது. எஞ்சின் பிடித்தது. தோல்வார் வழுக்கிக் கிறீச்சிட்டது. முள் ஒரே துள்ளாகத் துள்ளியது. பிறகு டைனமோவிலிருந்து கறுப்புப் புகை கிளம்பியது. லீலா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“போதும்ப்பா. வுட்டுடுங்க.”

மறுநாள் விடியற்காலையில் தங்கசாமியின் மாட்டுவண்டியில் கிளம்பினார்கள். தானும் ஸ்டேஷன் வரை வருவதாக ஞானப்பிரகாசம் சொல்லவில்லை. ஊர் முழுக்கப் பார்க்க, தன் மகளுக்குப் பின்னால் அடுத்தவன் வண்டியில் உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்தது. கட்டியணைக்கவும் முடியவில்லை, முழங்கை வரை கிரீஸ். லீலா அந்தக் கையை எடுத்தே முத்தமிட்டாள். அவள் உதட்டோரம் கறுப்பாகிவிட்டது. அதைத் துடைக்கக்கூட அவரிடம் ஒரு சுத்தமான விரல் இல்லை.

செல்வநாதன் கும்பிட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினான். ‘இத்தனை நாளைக் கெடுத்தேனே, கோபம் இருக்கத்தானே செய்யும்’ என்று நினைத்துக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பும் வரை அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

மாடு கன்று பார்க்கும் மருதாயி சீயக்காய்த் தூளும் செம்பில் தண்ணீரும் கொண்டுவந்தாள். அவள் ஊற்ற ஊற்ற அவர் கையைத் தேய்த்தார். கறுப்பு போகவில்லை. தேய்த்துக்கொண்டே அழுதார்.

“மருதாயி, ஊரே சொல்லுது, நான்தான் வேணும்னு காரைக் கெடுத்தேன்னு. நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா?”

மருதாயி செம்பைக் கீழே வைத்தாள்.

“பின்னாடி கெட்டதெல்லாம் உங்க கைவேலைதாங்கய்யா. மொதநாள் கெட்டது நீங்க இல்லீங்க. அதுக்கு முந்தின சாயங்காலம் நான் மாட்டுக்கு வைக்கோல் போட வந்தப்போ, மாப்ளதான் கார் கொட்டாய்க் கதவைச் சாத்திட்டு, கார் வெளக்கு ரெண்டையும் எரிய வுட்டுட்டு நின்னாரு. ‘சொல்லிடாதக்கா, அப்பான்னு ஒருத்தரு இருக்கிற வூட்ல இன்னும் ஒரே ஒரு நாளு இருந்துட்டுப் போறேன்’னு அழுதாருங்க.”