ஏழு பொன்னாடை வாங்கிய கணிப்பொறி

கணிப்பொறிக்கு உலகிலேயே முதன்முதலாக உரிய மரியாதை செய்த இடம் எது என்று கேட்டால், விவரம் கெட்டவர்கள் அமெரிக்கா, ஜப்பான் என்பார்கள். அந்தப் பெருமை 1987-ல் தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றையே சேரும். அரசாங்கம் கொடுத்த கணிப்பொறியைத் தனி அறையில் வைத்து, மஞ்சள் துணி போர்த்தி, வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி காட்டி வந்தார்கள். அறைச் சாவி தலைமையாசிரியர் நமசிவாயத்தின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. குளிக்கும்போதுகூட அவிழ்த்ததில்லை. கடமையுணர்ச்சி என்றால் அதுவல்லவா!

இந்த ஏற்பாட்டின் அருமை புரியாத ஒரே ஜீவன் கணக்கு டீச்சர் வேதா. மதுரைக்குப் போய்க் கணிப்பொறிப் பயிற்சி எடுத்தவள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் அட்டையில் விசைகளை வரைந்து கொடுத்து, "தட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே வெறுத்துப்போனது.

"சார், ஒரு நாளாவது பிள்ளையள் தொட்டுப் பாக்கட்டுமே."

"அதுக்குத் தூசி ஆகாதுல்லா டீச்சர். நம்ம பயலுவளுக்கு உடம்பே தூசி."

வேதா விடவில்லை. குற்றாலம் சீசன் விழாவில் கணிப்பொறியைப் பாடவைக்கிறேன் என்றாள்.

"பாடுமா?" நமசிவாயத்துக்குக் கண் விரிந்தது. "அப்ப பாடட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பேரு வந்துட்டுன்னா, மறுநாளே ரூமைத் தொறந்து பிள்ளையள உள்ள விட்டுருதேன்."

போதாதா? ரேடியோக் கடை ஆதமிடம் சொல்லி, வெளிச்சத்தை அறியும் பொட்டுக்கண் ஒன்றைக் கணிப்பொறியோடு இணைத்துக்கொண்டாள். அதன்மேல் கையைத் தாழ்த்தி நிழல் விழுந்தால் ஸ்வரம் இறங்கும். கையை உயர்த்தினால் ஏறும். நிரலை மேடையிலேயே வரிவரியாகத் தட்டுவதாக ஏற்பாடு. ஒரு வரியை மாற்றினால் தாளமும் மாறும்.

விழா வந்தது. முன்வரிசையில் விழாக்குழுத் தலைவர் சுந்தரபாண்டியன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர், அதனால் கலை நுணுக்கம் தெரிந்தவர். வேதா தட்டத் தட்ட, கணிப்பொறிக்குத் திரையாக இணைத்திருந்த டி.வி.யில் எழுத்துகள் ஓடின.

"ஸ்பீடு பரவால்ல. டைப்பிங்ல லோயர் பாஸா, ஹையர் பாஸா?" என்றார்.

"கணக்கு டீச்சர், அண்ணாச்சி" என்றார் நமசிவாயம்.

வேதா கையைத் தூக்கினாள். மோகனம் மெல்லக் கிளம்பியது. ஒரு வரியை அழித்து வேறு வரி தட்டினாள், தாளம் துள்ளியது. பின்வரிசையில் நாற்பது பிள்ளைகளும் பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள். இனி அறை திறந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மரபுப்படி தலைவர் பொன்னாடையுடன் மேடை ஏறினார். ஏறியவர் திகைத்தார். சின்னப் பெண்ணின் தோளில் எப்படிப் போர்த்துவது? நாலு பேர் என்ன சொல்வார்கள்?

"பாடுதது யாரு?" என்று நமசிவாயத்தைக் கேட்டார்.

"மிஷின்தான், அண்ணாச்சி."

"பொறவென்ன!" என்று பொன்னாடையைக் கணிப்பொறிமேல் போர்த்தினார். பொட்டுக்கண் இருண்டது. மோகனம் நின்று, "ம்ம்ம்ம்" என்று ஒரே அடிக்குரல் எழுந்தது.

"கேட்டியளா? மரியாதை செஞ்சதும் சுருதி சேந்துட்டு!" என்றார் தலைவர்.

கூட்டம் எழுந்து கைதட்டியது. உடனே பிரமுகர்கள் வரிசை கட்டினார்கள். மொத்தம் ஏழு பொன்னாடை. டி.வி. மறைந்தது, விசைகள் மறைந்தன. வேதா துணிக்கு அடியில் கையை விட்டாள்.

"கைய எடுங்க டீச்சர்! மரியாதை நடக்குதுல்லா!" என்று நமசிவாயம் அதட்டினார்.

அந்த "ம்ம்ம்ம்" கால் மணி நேரம் ஒலித்தது. இப்படி ஒரு கச்சேரி கேட்டதில்லை என்று எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் நாற்பது பிள்ளைகளும் குளித்து, தலை சீவி, கணிப்பொறி அறை வாசலில் நின்றார்கள். நமசிவாயம் வந்தார். இரண்டாவதாக ஒரு பூட்டும் போட்டார்.

"சார், வாக்குக் குடுத்தியளே!"

"அது சாதா கம்ப்யூட்டரா இருக்கும்போது குடுத்தது, டீச்சர். இப்ப அது வித்துவான். அதுமேல பிள்ளையள் கைய வைக்கலாமா?"



அரையாண்டுப் பரீட்சையில், 'கணிப்பொறியின் பயன்கள் யாவை?' என்று ஒரு கேள்வி. நாற்பது பேரும் ஒன்றுபோல எழுதியிருந்தார்கள்: 'பொன்னாடை போர்த்தலாம். தள்ளி நின்று கும்பிடலாம்.'

விடைத்தாள்களைப் பார்த்து நமசிவாயம் பூரித்துப்போனார். "எல்லாருக்கும் முழு மார்க் போடுங்க டீச்சர்!"

வேதா போட்டாள். மதிப்பெண் பட்டியலில் 'பாடம் நடத்திய ஆசிரியர்' என்ற இடத்தில் இருந்த தன் பெயரை அடித்துவிட்டு, திருத்தமான கையெழுத்தில் 'திரு. நமசிவாயம்' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள். அவர் மகிழ்ச்சியோடு போட்டார்.