புகை இல்ல, ஆவியாக்கும்

சின்னதாகத் தப்புச் செய்கிறவன் சாதாரணமாக மாட்டிக்கொள்வதில்லை. அதே தப்பை இன்னும் கொஞ்சம் வசதியாகச் செய்யலாமே என்று ஆசைப்படுகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். இதை நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கள்ளிக்காட்டில் ஒரு ரப்பர் புகைப்புரையின் வாசலில், பெண் பார்க்கப் போட்ட புதுச் சட்டையோடு சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்குக் கல்யாண வயது. (தாண்டிவிட்டது என்பது அம்மாவின் கட்சி.) பாறசாலையில் ஒரு இன்வெர்ட்டர் கடையில் வேலை. பக்கத்தில் காரோடு என்கிற ஊரில் கரண்ட் போனால் ஜனங்கள் முதலில் மின்சார ஆபீஸைத் திட்டுவார்கள், அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் வாட்ஸ், பேட்டரி என்று யார் பேச்செடுத்தாலும் என் கழுத்து தானாகவே கொஞ்சம் நீளும்.

எனக்குப் பெண் தேடும் பொறுப்பை அம்மாவின் தம்பி செல்வன் மாமா எடுத்துக்கொண்டிருந்தார். கள்ளிக்காட்டில் ஷைனி என்று ஒரு பெண். திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், நெஞ்சு நோய்க்காரர்கள் படுக்கும் வார்டில் நர்ஸ். அவளுடைய போட்டோவைப் பார்த்த அன்றைக்கே நான் மனதுக்குள் பந்தல் போட்டுவிட்டேன். அவள் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. சிகரெட் பிடிக்கிற ஆள் வேண்டாம்.

"எங்க பய ஜெஸ்டின் அந்தச் சாதனத்தக் கையால தொடமாட்டான்" என்று மாமா அடித்துச் சொல்லிவிட்டு வந்தார்.

மாமா சொன்னது பொய் இல்லை. கையால் தொடுவதை நான் அப்போது நிறுத்தியிருந்தேன். சித்தப்பா மகன் பினு ஷார்ஜாவிலிருந்து வந்தபோது, பிஸ்தா பருப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் ஒளித்து ஒரு வேப், அதாவது பேட்டரியில் ஓடும் சிகரெட், கொண்டுவந்து தந்திருந்தான். நம் நாட்டில் விற்கவே கூடாத சாமான். பார்த்தால் பேனா. பட்டன் கிடையாது, திருகு கிடையாது, உறிஞ்சினால் போதும். சட்டைப் பையில் குத்திக்கொண்டு ஊர் முழுக்க நடந்தேன். ஒரு பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதைக் கேட்டே விட்டார். (மை தீர்ந்துவிட்டது என்றேன்.)

மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதே, அதற்கும் பதில் வைத்திருந்தேன். சிகரெட்டில் வருவது புகை. இதில் வருவது ஆவி. புட்டு அவிக்கும் குற்றியின் மேலே வருவதைப் பார்த்து யாராவது புகை என்பார்களா? ஆக, ஷைனியின் நிபந்தனைப்படி நான் சுத்தமான மாப்பிள்ளை. இந்த வாதத்தை நான் குளியலறைக் கண்ணாடி முன்னால் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஜெயித்தேன்.

வீட்டில் ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஜூஸ் என்று சொல்லப்படுகிற அந்தத் திரவம் வெனிலா வாசனை. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அறை அறையாக நடப்பார்.

"இங்க யாரோ கேக்கு தின்னிருக்கு. வாயத் தொறங்க, பாப்போம்."

"எடியே, நான் சாயாவே சீனி இல்லாம குடிக்கேன். கேக்குக்கு எங்க போவேன்?"

"அப்போ கேக்கு தானா நடந்து வந்துதோ?"

அப்பா வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அம்மா நம்பவில்லை. நான் நடுவில் புகுந்து, "வயசானா நாக்கு கேக்கும்மா, விட்டிருங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் அடுத்த விடுமுறைக்கு வந்த பினு ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். கைக்கு அடக்கமான கனம், சின்ன திரை, மேலே கண்ணாடித் தொட்டி, வாட்ஸைக் கூட்டவும் குறைக்கவும் பட்டன்! வாட்ஸ்! எனக்கென்றே செய்த மாதிரி இருந்தது. அதன் பிறகு பேனாவைப் பார்த்தபோது, பெரிய இன்வெர்ட்டர் விற்கிறவன் கையில் டார்ச் லைட் இருக்கிறதே என்று அவமானமாகத் தோன்றியது.

பினு திரும்பிப் போனதும் ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "மக்கா, கவனமாக் கேளு. பேனாவுக்க ஜூஸ இதுல ஊத்தப்பிடாது, அதுல நிக்கோட்டின் கூடுதலாக்கும். வாட்ஸும் கொறச்சு..." அங்கேயே நிறுத்திவிட்டேன். எனக்கே வாட்ஸ் பற்றிப் பாடம் எடுக்கிறானாம்!

பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பேனாவில் சார்ஜ் இல்லை. ஊருக்கெல்லாம் பேட்டரி விற்கிறவனின் சொந்த பேட்டரி கதை இது. ஆனால் பேக்கப் இல்லாமல் இருக்கக் கூடாது என்று வாடிக்கையாளர்களுக்கு உபதேசம் செய்கிறவன் அல்லவா நான்? பேனாவின் ஜூஸையே பெட்டியில் நிரப்பி, வாட்ஸை எண்பதுக்கு ஏற்றி, பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன். பேனா வழக்கம்போல சட்டைப் பையில் இருந்தது.

அப்பா, அம்மா, செல்வன் மாமா, நான் என்று நாலு பேர் போனோம். கள்ளிக்காட்டில் ஷைனி வீட்டில் உபசாரத்துக்குக் குறைவில்லை. ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, சாயா. ஷைனியின் அப்பா தங்கராஜ் பேசாத மனுஷன், ரப்பர் தோட்டக்காரர். அவருடைய அக்கா ரோசம்மா மாமி அந்த வட்டாரத்தில் ஜெபத்துக்குப் பேர் போனவர். ஷைனி சாயாத் தட்டோடு வந்து, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். நான் சாயாவை ஊதாமலே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

"பிள்ளைக இனி கொஞ்சம் தனியாப் பேசட்டும்" என்றார் ரோசம்மா மாமி.

ஒரே ஒரு இழுப்பு, அதற்குப் பிறகு பேசலாம் என்று தோன்றியது. போன் வந்திருப்பதுபோல் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் இறங்கினேன். (அந்த இடத்தில் ரேஞ்சே கிடையாது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.) ரப்பர் மரங்களுக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டடம். புகைப்புரை. ரப்பர் ஷீட்களை உள்ளே கம்பில் தொங்கவிட்டு, தேங்காய் மட்டையும் விறகும் எரித்து, நாள் கணக்கில் புகை போடுவார்கள். என் மூளை பளிச்சென்று வேலை செய்தது. புகை வந்தால் யாருமே சந்தேகப்படாத இடம் பூமியில் ஒன்று உண்டென்றால் அது புகைப்புரைதான்!

மூளை ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் புகை நாற்றம் வேண்டாம் என்று அன்றைக்குத் தீயே மூட்டவில்லை. கல்யாணச் செலவுக்கென்று சேர்த்து வைத்திருந்த ஷீட் முழுவதும் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் ஷீட்டில் தீப்பிடித்தால் அணைக்க முடியாது. அதனால் அணைந்த புகைப்புரையில் புகை தெரிந்தால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தி, பட்டனை அமுக்கி, ஆழமாக இழுத்தேன். பேனா பூனைக்குட்டி என்றால் இது புலி. நெஞ்சுக்குள் யாரோ கம்பளியைத் திணித்ததுபோல் இருந்தது. ஊதினேன். எதிரே தொங்கிய ஷீட் மறைந்தது. என் கையும் மறைந்தது. ஒரு ஆள் வாயிலிருந்து இவ்வளவு வருமா என்று எனக்கே பெருமை தாங்கவில்லை. பெருமையில் இன்னும் மூன்று நான்கு இழுத்தேன். அப்புறம் தலை சுற்றியது, காது அடைத்தது, சாப்பிட்ட முந்திரிக்கொத்து மேலே வரலாமா என்று யோசித்தது. கட்டடத்தின் கூரை இடுக்குகள் வழியாக என் சாதனை வெளியே போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"அய்யோ, புகைப்புரையில தீ! வெள்ளம் கொண்டு வாருங்க, வெள்ளம்!"

பேசாத மனுஷன் தங்கராஜின் குரல் அது. எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். அன்றைக்கு என் மேல் விழுந்தது இரண்டு அர்த்தத்திலும் வெள்ளம். கதவு திறந்தது, ஒரு வாளி முகத்தில். திரும்பினேன், இன்னொன்று முதுகில். செல்வன் மாமா பதற்றத்தில் சாயாக் கெட்டிலையும் வீசினார். (ஆறிப்போன சாயா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.) நான் வாசலில் வந்து சரிந்தேன்.

"எலே, உள்ள என்னடே செய்த?" என்று மாமா கத்தினார்.

உண்மையும் வேண்டாம், பொய்யும் வேண்டாம் என்று யோசித்து, கண்ணாடி முன்னால் பயிற்சி செய்த வார்த்தையைச் சொன்னேன். "ஆவி... ஆவி பிடிச்சு..."

சளிக்கு ஆவி பிடித்தேன் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. ரோசம்மா மாமிக்கு வேறு கணக்கு. முக்காட்டை இழுத்துவிட்டு, என் நனைந்த தலையில் கையை வைத்து அழுத்தினார்.

"எந்த ஆவி? பேரச் சொல்லு! எந்த ஆவி?"

"வெனிலா" என்றேன்.

மாமி கேள்விப்படாத பிசாசு. ஜெபத்தின் வேகம் கூடியது. அதற்குள் புகைப்புரையிலிருந்து மிச்சமிருந்த மேகம் மெதுவாக வெளியே மிதந்து, கூட்டத்தின் மேல் படர்ந்தது. பின்வரிசையில் நின்ற என் அப்பா மூக்கை உயர்த்தினார். முகம் மலர்ந்தது.

"எடியே! இதாக்கும் அந்தக் கேக்கு!"

அம்மா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். அந்த முற்றத்தில் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் என் அப்பா.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷைனி வந்தாள். என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். (முதல் ஸ்பரிசம் இப்படியா அமைய வேண்டும்!) கீழே கிடந்த பெட்டியை எடுத்துத் திரையைப் பார்த்தாள். "எல்லாரும் உள்ள போங்க. தனியாப் பேசணும்னு சொன்னியளே, பேசிட்டு வாறோம்" என்றாள். அவளுடைய அப்பாவின் கைலி ஒன்றும் எலுமிச்சைத் தண்ணீரும் வந்தன. கைலியை உடுத்திக்கொண்டு புகைப்புரைப் படியில் உட்கார்ந்தேன்.

"எந்த ஜூஸ் ஊத்தினிய?"

"சின்னதுக்குள்ளது."

"எண்பது வாட்ஸ் யாரு வச்சா?"

"நான்தான்."

"இன்வெர்ட்டர் கடையிலதானே வேல?"

"ஆமா."

"நல்லா இருக்கு" என்றாள். "சிகரெட் வலிக்க மாட்டாருன்னு உங்க மாமா சொன்னாரே."

"புகை இல்ல, ஆவியாக்கும்" என்றேன். கண்ணாடி முன்னால் அத்தனை தடவை ஜெயித்த வாதம், அவள் முன்னால் வாயை விட்டு வெளியே வரவே கூச்சப்பட்டது.

அவள் சிரிக்கவில்லை. "எனக்க வார்டுல கெடக்கிற ஆளுகளும் இப்படித்தான் சொல்லுவாங்க. ஃபில்டர் உள்ளதாக்கும், சாயா குடிக்கும்போ மட்டுமாக்கும்னு. எல்லாருக்கும் ஒரு 'ஆக்கும்' உண்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது, தலை சுற்றலையும் மிஞ்சிய வெட்கம். காலையில் கிளம்பும்போது இந்தப் பெண் நமக்குத்தான் என்று நினைத்திருந்தேன். கிடைக்காமல் போய்விடுவாளோ என்று அந்தப் படியில்தான் முதல் தடவையாகப் பயந்தேன்.

"அந்தச் சின்னது எங்க?" என்றாள்.

ஈரச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதோட நின்னிருந்தியன்னா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். கல்யாணமும் நடந்திருக்கும். பிறவு எனக்குத் தெரிஞ்சிருந்தா, அப்போ நான் என்ன செய்யது? பெரிசு வாங்கினது நல்லதாப் போச்சு."

சொல்லிவிட்டு இரண்டையும் பக்கத்தில் இருந்த வாளிக்குள் போட்டாள். பேட்டரியைத் தண்ணீரில் போடக் கூடாது என்று நாக்கு நுனி வரை வந்தது. என் வாழ்க்கையில் நான் அடக்கிக்கொண்ட மிக நல்ல வாக்கியம் அதுதான்.

"ஈஸ்டர் வரைக்கும் தொடாம இருங்க. பிறவு பேசலாம்."

இருந்தேன். சுலபமாக இல்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன், கடலை மிட்டாயாகத் தின்று தீர்த்தேன். ஷைனி என்னை எதுவுமே விசாரிக்கவில்லை. ஞாயிறுதோறும் என் அப்பாவுக்குப் போன் செய்து, "மாமா, வீட்டுல கேக்கு வாசன உண்டுமா?" என்று மட்டும் கேட்பாள். அப்பா என்னைச் சுற்றி இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, நிதானமாகப் பதில் சொல்லுவார். பழிவாங்கலை அவ்வளவு அனுபவித்துச் செய்த மனுஷனை நான் பார்த்ததில்லை. ஈஸ்டர் முடிந்ததும் தேதி குறித்தார்கள்.

இப்போது வீட்டில் பெரிய டிவி, புதிய போன் என்று நான் எதற்கு வாயெடுத்தாலும் ஷைனி, "புகைப்புரையக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க" என்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடும். ரோசம்மா மாமி இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் வெனிலா ஐஸ்கிரீம் தொடுவதில்லை.

போன மழைக்காலத்தில் கள்ளிக்காட்டுக்குப் போயிருந்தபோது எனக்கு நல்ல சளி. ஷைனி வெந்நீரில் நொச்சி இலை போட்டு வைத்தாள். போர்வையைத் தலைக்கு மேல் மூடிக்கொண்டு குனிந்தேன். பக்கத்தில் எதையோ 'ணங்' என்று தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. போர்வையை விலக்கிப் பார்த்தால் மாமனார் நின்றுகொண்டிருந்தார், காலடியில் நிறைந்த வாளி.

"மருமவன் தைரியமாப் பிடியும்" என்றார் பேசாத மனுஷன். "வெள்ளம் ரெடியாக்கும்."