மாடி அறை விருந்தாளி

சுற்றுலா ஆபீசிலிருந்து இன்று ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று போன் வந்ததும் தெரசா பள்ளிக்கூட ஆபீசுக்கு லீவு சொன்னாள். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பின்தெருவில் அவள் வீடு. வெளியூர்ப் பயணிகள் தங்குவதற்கென்று அரசு உதவியில் மாடி அறைக்குக் கட்டிலும் குளியலறையும் போட்டிருந்தாள். வந்து தங்கியது இரண்டு புறாக்கள்தான்.

அப்புறம் ஒரு மழை நாளில், கப்பலூர்க் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரன் பிகாஷ் மனைவி, மகளோடு வந்து நின்றான். பத்து நாளைக்கென்று மாடியேறினான். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. போகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போக அவனுக்கு இடமில்லை. பயணிகள் அறையில் குடித்தனம் வைத்தது தெரிந்தால் அரசு உதவியைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

“இன்னைக்கு ஒரு நாள் நீ டூரிஸ்ட்டு. வாயத் தொறக்காத” என்று பிகாஷை வேலைக்குப் போகாமல் நிறுத்திவைத்தாள்.

அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கொடியில் கிடந்த அவள் சேலைகளைத் தெரசா சுருட்டித் தன் பீரோவில் திணித்தாள். அடுப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரியம்மா இவளைவிடக் களைத்திருந்தார். வெளிமாநில ஆள் யாராவது தங்கியிருக்கிறாரா என்று கேட்டார்.

“இருக்காரு மேடம். நேத்துதான் வந்தாரு.”

பிகாஷ் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். “பாத்து ஏறுங்கக்கா, மூணாவது படி ஆடும்.”

பயணிகள் இப்போது போனைப் பார்த்தே தமிழ் படித்துக்கொள்கிறார்கள் என்றாள் தெரசா. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் அரைநாளில் விட்டு, சீருடையோடு மகள் ரீமா ஓடிவந்து பிகாஷின் காலைக் கட்டிக்கொண்டாள். “அப்பா, பசிக்குது.”

“எங்க அண்ணன் பேத்தி” என்றாள் தெரசா. “எல்லாரையும் அப்பான்னுதான் கூப்பிடும்.”

ரீமா உதட்டைப் பிதுக்கினாள். பிகாஷ் பெற்ற பிள்ளையைத் தூக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தெரசா ரீமாவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இனி மாற்றிச் சொல்ல முடியாது.

குடும்பம் உண்டா என்று அதிகாரி கேட்டார். தனி ஆள், கோயில் பார்க்க வந்தவர், நாளை ரயில் என்று தெரசாவே முடித்துவைத்தாள். பிகாஷ் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அதிகாரி பெருமூச்சோடு இறங்கிப் போய் ஜீப்பில் உட்கார்ந்தார். அறை தப்பியது, பிகாஷும் தப்பினான் என்று தெரசா படியிலேயே சாய்ந்துவிட்டாள்.

டிரைவர் ஆண்டிச்சாமி குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார். செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

“லேபர் ஆபீசுல வேல பாக்குறதுக்குச் சும்மா இருக்கலாம்க்கா. வெளிமாநிலத் தொழிலாளிக்குன்னு கப்பலூர்ல புது வீடு கட்டிப் பூட்டியே கெடக்குது, குடும்பத்தோட ரெண்டு வருசம் இருந்த ஆளுக்குக் கையோட சாவி குடுக்கலாம்னு காலையிலருந்து வீடு வீடா ஏறி எறங்குறோம், ஒரு குடும்பம் சிக்க மாட்டேங்குது.”