தலையாட்டிக் கட்டிய இறங்குதுறை

கல்லாலும் சீமெந்தாலும் இறங்குதுறை கட்டியவர்கள் உலகில் பலர் உண்டு. தலையை மட்டும் ஆட்டிக் கட்டிய மாமனிதர் ஒருவரே. அவர்தான் ஆலடித்துறைக் கிராமசபைத் தலைவர் சண்முகரத்தினம்.

ஆலடித்துறையிலிருந்து எங்கே போவதென்றாலும் வள்ளம்தான். அறுபதுகளின் நடுவில் அங்கிருந்த இறங்குதுறையின் பாதிப் பலகைகள் கடலோடு போயிருந்தன. பேறுகாலப் பெண்களை மிச்சப் பலகைகளில் நடத்திச் சென்று வள்ளமேற்றுவது மருத்துவிச்சி மாக்கிறேற்றின் பாடு. மாதந்தோறும் 'மக்கள் குறை கேட்கும் நாளில்' அவள் வந்து நிற்பாள். தலைவர் கதிரையில் சாய்ந்து, கண்களை மூடி, பெரும் பொறுமையோடு கேட்பார். பிறகு, "பார்ப்பம்" என்பார். கண்ணை மூடிக்கொண்டே "பார்ப்பம்" என்று சொல்ல எவ்வளவு தொலைநோக்கு வேண்டும்!

அப்படிப்பட்டவர் சனசமூக நிலைய ஆண்டு விழாவில், "நடுநிலை தவறாத எனது நிர்வாகத்தில்…" என்று தொடங்கி, பந்தல் தோரணத்தை அண்ணாந்து பார்த்தார். பந்தல் சுழன்றது. சபையும் சுழன்றது. அடுத்த கணம் தலைவர் மேடையில் கிடந்தார்.

"சேர்மன் இண்டைக்கு நேரத்தோடையே கள்ளுக் கொட்டிலுக்குப் போயிட்டார் போலை" என்றார் எதிரணி ஏரம்பு, ஒலிபெருக்கி தேவைப்படாத குரலில்.

வீட்டில் படுக்கையில் புரண்டாலே கூரை இறங்கி வந்தது. "சௌந்தரம், கட்டிலைப் பிடியும், கவிழப்போகுது!" என்று மனைவியின் கையை இறுகப் பற்றினார் தலைவர். சாவு வந்துவிட்டதென்றே நம்பினார். விடியுமுன் சௌந்தரநாயகி அவரை ஊருக்குத் தெரியாமல் துறைக்குக் கூட்டிப்போனாள். பதவியேற்றபின் முதன்முறையாகத் தலைவர் அந்தத் துறையை அங்குலம் அங்குலமாகப் 'பரிசோதித்தார்'; தவழ்ந்துதானே போக முடிந்தது!

யாழ்ப்பாணத்தில் காது வைத்தியர் கனகசபாபதி அவரைச் சரித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"உட்காதுக்கை மூண்டு வளைஞ்ச குழாய் இருக்கு. அதுக்குள்ளை தண்ணி மாதிரி ஒண்டு. தலை திரும்ப அது அசையும். அதை வைச்சுத்தான் நாங்கள் நிமிர்ந்து நிக்கிறமோ சரிஞ்சு கிடக்கிறமோ எண்டு மூளை அறியும். உமக்கு அங்கையிருந்து பிழையான சேதி போகுது."

"எதிரணியின்ரை வேலையாய் இருக்குமோ, டொக்குத்தர்?"

"உம்மடை காது உம்மடை பக்கம்தான். மூளையைப் பழக்கவேணும். மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஒரு இடத்தையே பாத்துக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டும். பிறகு இடமும் வலமும். ஆட்டேக்கை வாய் திறக்கக் கூடாது. இடையிலை குழப்பினீரோ, திரும்பத் தலை சுத்தும்."

அடுத்த குறை கேட்கும் நாளில் மணி பத்தடித்தது. தலைவர் சுவர் மணிக்கூட்டில் கண்பதித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்க, மாக்கிறேற் முன்னால் வந்தாள்.

"ஐயா, போன கிழமை இரஞ்சிதத்தின்ரை கால் பலகைக்குள்ளாலை போயிட்டுது. பிள்ளைத்தாச்சி. துறையைக் கட்டித் தருவியளோ?"

தலைவர் ஆட்டினார்.

"மெய்யாவோ?"

பலமாக ஆட்டினார்.

"இந்த மாசமே தொடங்கலாமோ?"

இமைக்காமல் ஆட்டினார். 'தலைவரால் ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதினார் கிளாக்கர் அப்புத்துரை.

அடுத்து வந்தவர் மைத்துனர் சோமாஸ்கந்தன். தலைவர் பெயரில் வரவேற்பு வளைவு கட்டும் ஒப்பந்தம் அவருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்குள் பயிற்சி இடம் வலமாக மாறிவிட்டது.

"அத்தான், வளைவு வேலையைத் தொடங்கட்டோ?"

தலை இடம் போனது.

"அக்காவுக்கு நான் என்ன சொல்லுறது?"

வலம் போனது. வளைவுக் காசு துறைக்குப் போனது.

கூட்டம் முடிந்ததும் தலைவர் பதறினார். "நான் எப்ப ஓமெண்டனான்?"

"ஊரே பாத்தது, ஐயா. ஏதும் நோய் வருத்தத்திலையோ ஆட்டினனீங்கள்?" என்றார் அப்புத்துரை.

வாசலில் ஏரம்பு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார். கிறுகிறுப்பு என்று சொன்னால் ஊர் கள்ளு என்று கேட்கும். தலைவர் தொண்டையைச் செருமினார். "இல்லையில்லை. நல்லா யோசிச்சுத்தான் ஆட்டினனான்."

துறை எழும்பியது. இரஞ்சிதம் அதில் நடந்துபோய் வள்ளமேறி, பெண் குழந்தையோடு நடந்து வந்தாள். தலைவருக்கு மாலை விழுந்தது. குழந்தையைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் என்னவோ அசைந்தது. பழைய கிறுகிறுப்பு வருத்தம்தான் என்று பயந்து உட்கார்ந்துவிட்டார்.

தை பிறக்கமுன் அவருக்குப் பூரண சுகம். துறைக்கு ஒரு விளக்குக் கேட்டு மாக்கிறேற் வந்தபோது, கண்களை மூடி, "பார்ப்பம்" என்றார்.

அந்த மாதம் ஒரு தாயோடு யாழ்ப்பாணம் போன மாக்கிறேற்றை ஆஸ்பத்திரி வாசலில் கண்ட கனகசபாபதி, அவள் ஆலடித்துறை என்று அறிந்து, "உங்கடை சேர்மன் இப்பவும் தலையை ஆட்டுறாரோ?" என்று கேட்டார். அந்தத் தலையாட்டல் வைத்தியர் சொன்ன பயிற்சி என்ற முழுக்கதையும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"டொக்குத்தர், அந்த வருத்தத்தைத் திரும்ப வரப்பண்ண ஏலாதோ?"

"ஏலாது, பிள்ளை. உட்காதுக்கு ரெண்டு வேலை. நிலை பாக்கிற பகுதி பழுதாகினது, சுகமாயிட்டுது. நத்தை மாதிரிச் சுருண்ட மற்றப் பகுதிதான் கேக்கிறதுக்கு. அதையும் சோதிச்சனான். ஒரு பழுதுமில்லை. பாவிச்சால்தானே பழுதாகிறதுக்கு!"

அடுத்த குறை கேட்கும் நாளில் ஊர் முன்னிலையில் மாக்கிறேற் இதை அப்படியே ஒப்புவித்தாள். தலைவர் கண்களைத் திறந்தார். முகம் மலர்ந்தது.

"எழுதும், அப்புத்துரை."

'இத்தனை ஆண்டுகள் மக்கள் குறை கேட்ட பின்னரும் தலைவரின் செவி சற்றும் பாவிக்கப்படாமல் புத்தம் புதிதாக இருப்பதையிட்டு இச்சபை பெருமையடைகிறது.'

ஏரம்பு தன் ஆயுளில் மனதார வழிமொழிந்த ஒரே தீர்மானம் அதுதான்.