மெல்லிய காருக்குக் குடும்பம் ஆற்றிய தொண்டு

சமுகமளித்திருந்தவர்கள்: குடும்பத் தலைவர் திரு. விஜயரத்தினம். அவருடைய மனைவியின் தமையனார் திரு. கல்யாணசுந்தரம். 1986-இல் விஜயரத்தினத்தாரோடு ஒரே விமானத்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர் என்ற தகுதியால் குடும்ப விடயங்களில் வாக்குரிமை பெற்றிருந்த மன்னார் ஜேசுரட்ணம். தேநீர்த் தட்டோடு வந்து தட்டோடேயே நின்ற திருமதி கலாதேவி. சமுகமளிக்காதவர்: காரைச் செய்த பிள்ளை.

ஐரோப்பிய மோட்டார் வாகன வரலாற்றில் இதற்கு முன் இப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லை. இந்தக் கண்டத்தில் கார் செய்யத் தெரிந்தவர்கள் ஏராளம். ஆனால் கார் செய்யத் தெரியாத நால்வர் ஒரே மேசையில் கூடி, செய்து முடிந்த காரொன்றைக் குடும்பக் கௌரவத்துக்கு ஏற்றவாறு சீர்திருத்துவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது ஜெர்மனியின் எசன் நகரில்தான், இந்தப் பெப்ரவரி மாதத்தில்தான்.

எசனில் பனி வழக்கமாக ஒரு மரியாதைக்குத் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். இம்முறை மார்கழியில் வந்து, பெட்டியை அவிழ்த்துத் தங்கிவிட்டது. மண்டபங்களில் விழாக்கள் நின்றன. ஆண்கள் நடைப்பயிற்சிக்குப் போகவில்லை. வெளியே காப்பாற்ற எதுவும் இல்லாமற் போனதால் கௌரவம் வீட்டுக்குள் வந்து கராஜைப் பார்த்தது.

கராஜில் நிலக்சி இருந்தாள். விஜயரத்தினத்தாரின் ஒரே மகள். வயது இருபத்தேழு. கார் மெக்கானிக். யாராவது கேட்டால் விஜயரத்தினத்தார் "எஞ்சினியரிங் பக்கம்" என்று சொல்லி, பக்கத்தை மட்டும் சற்று அழுத்துவார்.

டுசல்டோர்ஃபில் பிரிங்க்மான் என்ற அம்மையார் பந்தயக் கார் கட்டும் பட்டறை வைத்திருந்தார். அங்கே ஒரேயொரு இடம் காலியாக இருந்தது. அதற்கு மூன்று பேர் நின்றார்கள். அம்மையார் சான்றிதழ் கேட்கவில்லை. "நீயே ஒரு கார் கட்டிக் கொண்டுவா. பெப்ரவரி இருபத்தெட்டாம் திகதி காலை பத்து மணிக்கு என் தராசில் ஏற்று. ஐந்நூற்று நாற்பது கிலோவுக்குக் கீழே நின்றால் இடம் உனக்கு" என்று சொல்லியிருந்தார். நிலக்சி பதின்மூன்று வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வேலை அது ஒன்றுதான்.

ஆகவே அவள் அந்தக் குளிர்காலம் முழுவதும் இரும்புக் குழாய்களை ஒட்டி ஒரு கூடு செய்தாள். அதற்குள் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றை இருத்தினாள். அலுமினியத் தகட்டால் மேனி போர்த்தினாள். கராஜின் குளிரில் பசை காயாது என்று காரின் மூக்கைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சாமியறை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். கலாதேவி விளக்கேற்றும்போது அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். அந்தக் காருக்குக் குடும்பம் செய்தவற்றில் பாரம் கூட்டாத உபகாரம் அது ஒன்றுதான்.

விஜயரத்தினத்தார் தை மாதத்தில் ஒரு தடவை கராஜுக்குள் இறங்கிப் பார்வையிட்டார்.

"பிள்ளை, இதுக்குக் கதவு எங்கை?"

"கதவு இல்லையப்பா."

"எப்ப வரும்?"

"வராது."

"கூரை?"

"அதுகும் இல்லை."

அவர் சுற்றிவந்து குனிந்து பார்த்தார். "மிச்சத்தை ஆர் கொண்டுபோனது?"

"அப்பா, இது பாரம் குறைஞ்ச கார். ஒவ்வொரு கிராமாக் குறைச்சுக்கொண்டு வாறன். இஞ்சை பாருங்கோ, இந்தத் தகடெல்லாத்திலையும் ஓட்டை போட்டிருக்கிறன். இருநூற்றிப் பதினாலு."

"புதுத் தகட்டிலையோ?"

"ஓம்."

அவர் மேலே வந்து கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். ஷோனெஃபெல்டில் இறங்கிய அன்று அவர் போட்டிருந்தது ஒரு மெல்லிய சட்டை. காலில் றப்பர்ச் செருப்பு. வெளியே பனி. அன்றிலிருந்து மெல்லிய எதையும் அவர் நம்பியதில்லை. அவர் வீட்டுக் கதவு தடிப்பு, சோபா தடிப்பு, மகளின் முதலாவது பள்ளிக்கூடக் கோட்டு அவளை நிறுத்தி வைக்கும் அளவுக்குத் தடிப்பு. அப்படிப்பட்டவருடைய மகள், ஓட்டை போட்ட தகட்டில் இருந்துகொண்டு, கதவில்லாமல், ஊர் பார்க்க டுசல்டோர்ஃபுக்குப் போகப்போகிறாள்.

பெப்ரவரி நடுவில் கார் முடிந்தது. நிலக்சி கராஜிலேயே நிறுத்துப் பார்த்தாள்: ஐந்நூற்று முப்பத்தெட்டு கிலோ. அடுத்த நாள் இரண்டு வாரப் பயிற்சி ஒன்றுக்காகக் காஸலுக்குப் புறப்பட்டாள். இருபத்தெட்டாம் திகதி அங்கிருந்து நேரே டுசல்டோர்ஃபுக்கு ரயிலில் வருவதாகவும், அப்பாவும் மாமாவும் காரை இழுவைவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து தருவதாகவும் ஏற்பாடு. போகும்போது காரின் மேல் ஒரு தாளை ஒட்டினாள். "தொடவேண்டாம்" என்று பெரிய எழுத்தில், டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில்.

முதலாவது கூட்டத்தில் ஆராயப்பட்ட ஆவணம் அந்தத் தாள்தான்.

"இது எங்களுக்கில்லை, மச்சான்," என்றார் கல்யாணசுந்தரத்தார். அவர் எசனின் ஆகப்பெரிய கார்களில் ஒன்றை வைத்திருப்பவர். அதனால் தொழில்நுட்பப் பொறுப்பு அவரிடம் இருந்தது. "வீட்டு ஆக்களுக்கெண்டால் பிள்ளை தமிழிலை எழுதியிருக்கும்."

"அது சரி, அத்தான்," என்றார் விஜயரத்தினத்தார். "வெளியாக்களுக்குத்தான் எழுதியிருக்கிறாள்."

"டொச்சுக்காரர் ஆரும் தொடாமல் நாங்கள் பாத்துக்கொள்ளுவம், விஜயண்ணை," என்றார் ஜேசுரட்ணம்.

கலாதேவி தட்டைச் சற்று இறக்கினார். "இஞ்சேருங்கோ, ஒருக்கா அவளுக்குப் போன் பண்ணிக் கேட்டால் என்ன?"

"பயிற்சியிலை இருக்கிற பிள்ளையைக் கரைச்சல் படுத்தாதையும்," என்று விஜயரத்தினத்தார் தீர்ப்பளித்தார். மகளின் படிப்பில் அவருக்கிருந்த அக்கறை அப்படிப்பட்டது.

அதன்பின் வேலைகள் துரிதமாக நடந்தன. ஜேசுரட்ணம் பற்றறியைப் பார்த்துச் சிரித்தார். "இதென்னண்ணை, றேடியோவுக்குப் போடுறதோ?" மறுநாள் அவர் சாமான் ஏற்றும் வானின் பற்றறி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அது உள்ளே போவதற்கு ஒரு தகட்டை மட்டும் சற்று வளைக்க வேண்டியிருந்தது. கல்யாணசுந்தரத்தார் ஆசனத்தைக் கவனித்தார். பிள்ளை போட்டிருந்தது முட்டைக்கோது போன்ற ஒன்று. அதைக் கழற்றி, பழைய உல்லாசக் கார் ஒன்றின் தோல் ஆசனத்தை, சூடாக்கும் வசதியோடு பொருத்தினார். "இருந்தால் எழும்ப மனம் வராது" என்று அவர் அறிக்கையிட்டார். முன்னால் ஆறு கிலோ பித்தளைப் பிள்ளையார் எழுந்தருளினார். லொறி ஹோன் ஒன்றும் வந்து சேர்ந்தது. கலாதேவிகூட, பிள்ளைக்குக் கால் குளிருமே என்று, தரைக்கு இரட்டைக் கம்பளம் விரித்தார்.

ஆனால் கௌரவப் பிரச்சினையின் மையம் ஓட்டைகள்தான். அவற்றை விஜயரத்தினத்தார் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. "துருப்பிடிச்ச பழசை வாங்கிப் பூசி வைச்சிருக்கினம் எண்டு சனம் சொல்லும்" என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கார்த் தகட்டின் பள்ளம் அடைக்கும் பசையைத் தகரம் தகரமாக வாங்கினார். பத்து நாட்கள், காலை ஒன்பது மணி தொடக்கம், முழங்காலில் நின்று, ஓர் ஓட்டையும் விடாமல் அடைத்தார். காற்றுக்குப் பெயர்ந்துவிடக் கூடாதென்று இரண்டு பக்கமும் வடை போல் புடைக்க வைத்தார். மகளுக்காக அவர் இவ்வளவு உழைத்ததைக் கலாதேவி அதற்கு முன் கண்டதில்லை. அடைத்து முடித்த அன்று அவருடைய முதுகு நிமிரவில்லை. மனம் நிமிர்ந்திருந்தது.

இருபத்தெட்டாம் திகதி காலை டுசல்டோர்ஃப் பட்டறை முற்றத்தில் பனி ஒதுக்கப்பட்டிருந்தது. நிலக்சி முதுகில் பையோடு ரயிலடியிலிருந்து ஓடிவந்தாள். பிரிங்க்மான் அம்மையார் தராசுக்குப் பக்கத்தில் கோப்பிக் குவளையோடு நின்றார். மற்ற இரண்டு போட்டியாளர்களின் கார்கள் ஏற்கனவே ஏறி இறங்கிவிட்டன. ஐந்நூற்று ஐம்பத்திரண்டு; ஐந்நூற்று நாற்பத்தேழு.

விஜயரத்தினத்தாரும் ஜேசுரட்ணமும் பக்கத்தில் நிற்க, கல்யாணசுந்தரத்தார் இழுவைவண்டியின் உறையைப் பட்டுப் புடவை விலக்குவதுபோல் விலக்கினார்.

நிலக்சி காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிள்ளையாரைப் பார்த்தாள். பிறகு தகட்டில் கைவைத்து, ஒரு வடையைத் தடவிப் பார்த்தாள்.

"அப்பா. இதென்ன?"

"அடைச்சுப்போட்டன், பிள்ளை. எல்லாத்தையும். ஒண்டும் விடேல்லை."

தராசு அறுநூற்று ஒன்பது காட்டியது.

அம்மையார் குனிந்து பார்த்தார். "ஓட்டைகளைப் போட்டது யார்?"

"நான்," என்றாள் நிலக்சி.

"அடைத்தது?"

நாற்பது வருடமாக ஜெர்மனியில் எந்த அலுவலகத்திலும் பொய் சொல்லாத விஜயரத்தினத்தார், குடும்பக் கௌரவத்தைக் காப்பதற்காக, தொப்பியைக் கழற்றிவிட்டுத் தெளிவான டொச்சில் பதிலளித்தார்: "குளிர்காலம்."

"என்ரை குடும்பம்," என்றாள் நிலக்சி, அதே டொச்சில்.

"எல்லோருமா?"

"ஓம். ஏகமனதாக."

அம்மையார் மணிக்கூட்டைப் பார்த்தார். "நான் பத்து மணி என்றேன். இன்னும் பத்து மணியாகவில்லை. இருபது நிமிடம் இருக்கிறது."

நிலக்சி பையைப் பனியில் எறிந்தாள். அவள் கையில் திருகாணித் திறப்பு எப்போது வந்தது என்று ஒருவரும் காணவில்லை. ஆசனம் வெளியே வந்தது. வான் பற்றறி வந்தது. கம்பளம் வந்தது. ஹோன் வரும்போது ஒரு தடவை சத்தம் போட்டது. பிள்ளையாரை மட்டும் அவள் இரு கையாலும் எடுத்து, மாமாவிடம் கொடுத்தாள். கழற்றப்பட்ட முட்டைக்கோது ஆசனமும் சிறிய பற்றறியும் இழுவைவண்டியிலேயே இருந்தன; எங்கள் ஆட்கள் எதையும் வீசுவதில்லை. அவற்றைத் திருப்பிப் பூட்டிவிட்டுத் தராசைப் பார்த்தாள். ஐந்நூற்று நாற்பத்தொன்பது.

"பசை," என்றாள்.

அம்மையார் உள்ளே போய் ஐந்து சுத்தியல் கொண்டுவந்தார். ஒன்றை நிலக்சியிடம் கொடுத்தார். ஒன்றைத் தானே வைத்துக்கொண்டார். மிச்சம் மூன்றையும் மூன்று பெரியவர்களின் கையிலும் வைத்தார்.

"அத்தான், நாங்கள்..." என்று தொடங்கினார் விஜயரத்தினத்தார்.

"அடியுங்கோ அப்பா!" என்றாள் நிலக்சி. அவள் தகப்பனுக்குக் கட்டளையிட்டது அதுதான் முதல் தடவை. "கதைக்காதேங்கோ. அடியுங்கோ!"

அவர் அடித்தார். பத்து நாட்கள் முழங்காலில் நின்று அடைத்ததை அவரும், ஜேசுரட்ணமும், பிள்ளையாரைக் கீழே வைக்க இடமில்லாமல் ஒரு கையால் கல்யாணசுந்தரத்தாரும் தட்டித் தட்டி வெளியேற்றினார்கள். கட்டி கட்டியாகப் பனியில் விழுந்தது. மற்ற இரண்டு போட்டியாளர்களும் வேலியில் சாய்ந்துநின்று பார்த்தார்கள். விஜயரத்தினத்தார் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. கடைசி ஓட்டையினூடாக மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தபோது பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது.

ஐந்நூற்று முப்பத்தெட்டு.

அம்மையார் நிலக்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "திங்கட்கிழமை ஏழு மணி," என்றார். பிறகு பெரியவர்களைப் பார்த்து, "நீங்கள் வரவேண்டாம்," என்றார்.

பனி உருகி, மண்டபங்கள் திறந்து, சனம் மறுபடி கூடத் தொடங்கியிருக்கிறது. இந்நிலையில் எசனிலும் டுசல்டோர்ஃபிலும் ஒரு வதந்தி உலாவுகிறது. பிள்ளை செய்த கார் பாரம் கூடிப்போய்த் தராசில் நின்றதாம். குடும்பத்துப் பெரியவர்கள் மூன்று பேர் பனிக்குளிரில் சுத்தியல் பிடித்து எழுபத்தொரு கிலோ குறைத்துக் கொடுத்ததால்தான் வேலை கிடைத்ததாம். கல்யாணசுந்தரத்தார் இதை இரண்டு திருமண வீடுகளில் தாமே விளக்கியிருக்கிறார். விஜயரத்தினத்தார் பக்கத்தில் இருந்து மறுக்கவில்லை.

செய்தி பிழை. கார் முதலிலும் ஐந்நூற்று முப்பத்தெட்டு, கடைசியிலும் ஐந்நூற்று முப்பத்தெட்டு. எழுபத்தொரு கிலோ எங்கள் குடும்பம்.