என் அடையாள எண்ணும் என் மீசையும்

இனி எந்த ஆன்லைன் கம்பெனிக்கும் என் அடையாள எண்ணைத் தருவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவெடுத்தேன். உடனே அறிவித்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் யாருக்கும் புரியவில்லை. கொப்பளித்துவிட்டு மறுபடி அறிவித்தேன்.

காரணம், அச்சகத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி. ஆன்லைனில் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்க என் எண்ணைக் கேட்டாள்.

"செருப்பு விக்கிறவனுக்கு என் கால் அளவு போதாதா? நம்பர் எதுக்கு?"

"குடுக்கலேன்னா அடுத்த பக்கம் நகர மாட்டேங்குதுங்க."

"நகர வேண்டாம். இருபது வருஷமா பூட்டுக்கடை வெச்சிருக்கேன், எங்கிட்டயே சாவி கேக்கறானா? என் நம்பரை யாராவது வாங்கிட்டா மீசையை எடுத்துடறேன்!"

அவள் கண் பளிச்சென்றது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என் மீசையை அவளுக்குப் பிடிக்காது. எனக்கு முன்னால் அதுதான் காபி குடிக்கிறதாம். எனக்கோ அது உயிர். அது இல்லாவிட்டால் கடையில் என்னை முதலாளி என்று எவன் நம்புவான்?

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா? சேச்சே!"

நாலு நாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பூட்டை விட்டுவிட்டு இதையே பேசினேன். இரண்டு பேர் பூட்டு வாங்காமலே ஓடிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை போனில் ஒரு லிங்க் வந்தது. 'தகவல் காவலர் பேரவை. அடையாள எண்ணை யாருக்கும் தராத விழிப்புள்ளவர்களுக்குச் சான்றிதழ்.'

"எதிர்வீட்டு வாத்தியாருக்கு வந்துடுச்சாம். சட்டம் போட்டு மாட்டிட்டாராம்" என்றாள் மனைவி.

"அவருக்கா? பாஸ்வேர்டை பீரோ கதவுல ஒட்டி வெச்சிருக்கற மனுஷனுக்கா?"

எனக்குப் பொறுக்கவில்லை. லிங்கைத் திறந்தேன். 'என் எண்ணை எந்தச் சூழ்நிலையிலும் எவருக்கும் தரமாட்டேன்' என்று ஓர் உறுதிமொழி. கம்பீரமாக டிக் அடித்தேன். பெயர் கேட்டது, எழுதினேன். அடுத்த கட்டத்தில் அடையாள எண் கேட்டது. அதையும் எழுதினேன். சான்றிதழில் தப்பு வந்துவிடக் கூடாதே என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

மறுநாள் மாலை வேலையிலிருந்து வந்த மனைவி, தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழை நீட்டினாள். முத்திரை, என் போட்டோ, என் பெயர். கீழே கொட்டை எழுத்தில் என் எண்.

"இது உங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"தலைவிகிட்ட வராம யார்கிட்ட வரும்? அந்தப் பேரவையே நான்தாங்க. வாத்தியார் பாவம், அவருக்கு ஒண்ணுமே தெரியாது. கேட்டது நானா இருக்கப் போய் சரி. வேற எவனாவது கேட்டிருந்தா?"

உண்மைதான், கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டேனே! ஆனாலும் மீசையை விட மனமில்லை. ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்று சான்றிதழை உற்றுப் பார்த்தேன். கிடைத்தது.

"இது செல்லாது! போட்டோவைப் பாரு, மீசையே இல்ல. தப்பா அச்சடிச்சிருக்கே!"

"தப்பு போட்டோல இல்லீங்க" என்று ரேசரை என் கையில் வைத்தாள். "உங்க மூஞ்சிலதான் இருக்கு."