பாதுகாக்கப்பட்ட பன்றிக் கொட்டில்

எங்கள் மாவட்டத்தின் பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரி நான். மாளிகை பழமையானது என்றால் அதன் வளவுக்குள் இருக்கும் பன்றிக் கொட்டிலும் பழமையானதே என்பது சட்டம். சட்டத்தை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை; அதற்குத்தான் சம்பளம்.

பெரெக்ரின் பிரபுவின் மாளிகைப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்த மேவிஸ், ஒழுகும் கூரையைக் காட்ட என்னைக் கொட்டிலுக்குள் இழுத்துப் போனாள்.

"பன்னி நிறைமாசம் சார். ஈரத்துல குட்டி போட்டா ஒண்ணும் தங்காது. நாலு ஓடு மாத்திக்கிறேனே."

"பழைய ஓடு சுட்ட அதே சூளை ஓடா இருக்கணும்மா."

"அந்தச் சூளைய எங்க தாத்தா காலத்துலயே மூடியாச்சு."

"அப்ப ஒழுகட்டும். ஒழுகறதும் வரலாறுதான்." சொல்லும்போது எனக்கே மெய்சிலிர்த்தது.

"பன்னிய என்ன செய்ய?"

"அது சுவரை உரசுது. கட்டடத்தோட தன்மை கெடுது. வேற இடம் பாருங்க."

வளவுக்கு வெளியே துருப்பிடித்த தகரங்களை வைத்து ஒரு கொட்டகை போட்டு, பன்றியை அங்கே ஓட்டிப் போனாள் மேவிஸ்.

பன்றி போனதும் கொட்டில் 'பயனற்ற வேளாண் கட்டடம்' ஆகிவிட்டது. பயனற்றதை விடுமுறை விடுதியாக்கலாம் என்று இன்னொரு சட்டம். பிரபு ஆக்கினார். தீவனத் தொட்டியில் விருந்தினர் முகம் கழுவினார்கள். ஓடுகளை மட்டும் தொடக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அந்தக் கோடையில் மழையே இல்லை. லண்டன்காரர்கள் குனிந்து உள்ளே போய், "என்ன ஒரு எளிமை" என்று உருகினார்கள். எனக்கு விருது கொடுத்தார்கள்.

எங்கள் திருமண நாளை அங்கேதான் கொண்டாட வேண்டும் என்று என் மனைவி ரோசலிண்ட் பிடிவாதம் பிடித்தாள். மாலைத் தேநீரை ஊற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. மேவிஸ் காட்டிய அதே இடத்தில் ஒழுகியது. நேர் கீழே எங்கள் கட்டில்.

நனைந்தபடி ஓடிப் போய்த் தகரக் கொட்டகையைத் தட்டினோம். மேவிஸ் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டாள். காய்ந்த வைக்கோலில் பன்றி படுத்திருக்க, அடுத்த ஈற்றுக் குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது.

ரோசலிண்ட் அண்ணாந்து பார்த்தாள். "இந்தத் துருவைப் பாருங்களேன், என்ன அழகு."

நானும் பார்த்தேன். பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. "அபூர்வம்தான். இதையும் பாதுகாக்கணும்."

மேவிஸ் எழுந்து கதவைத் திறந்தாள்.

"அப்ப நீங்க இத உரசிட்டு நிக்கக் கூடாது சார். தன்மை கெட்டுடும்."

நாங்கள் மழைக்குள் வந்ததும் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.